அசலும் ஒட்டும்: ஸ்போர்ட்ஸ் காரின் புகைக்குழாய் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

1

ஒரு பொருளின் அசல் வடிவம் எது என்னும் வினா வரலாற்றாய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் இதனை நூல்கள் தொடர்பாக எழுப்பினர். கட்டடக்கலை ஆய்வாளர் கோயில்களையும் கோட்டைகளையும் முன்வைத்து எழுப்பினர். கடந்த சில தசாப்தங்களாகப் பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரும் இதே வினாவை எழுப்பி வருகின்றனர். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் அடிப்புறத்தில் தொங்கும் புகைக்குழாய் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டதா, அவ்வாறாயின் எந்த ஆண்டுக்குரிய வடிவம், எந்த நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்டது என்பவற்றைத் தீர்மானிக்க அவர்கள் மேற்கொள்ளும் முயற்சி, சுவடிப் பதிப்பாசிரியரின் பொறுமைக்குச் சிறிதும் குறைந்ததன்று.

இவ்வாராய்ச்சியைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் பண்டம் என்பது அதனைச் செய்தோரின் உழைப்பை மறைத்து நிற்பது என்னும் மார்க்சியக் கோட்பாட்டை ஏற்போர், பண்டத்தை நோக்க மறுத்தல் பொருந்தாது. நோக்கும் முறையையே மாற்றவேண்டும். அசல் என்னும் ஒரு சொல்லினுள் இருவேறு நிலைகள் அடங்கியுள்ளன. தொழிற்சாலை வாயிலைக் கடந்தபோது பொருள் இருந்த நிலை ஒன்று. மனிதர் அதனை வைத்து வாழ்ந்த காலமெல்லாம் அது பெற்ற மாற்றங்களோடு கூடிய நிலை மற்றொன்று. முன்னதற்கு ஏட்டுச் சான்று உண்டு. பின்னதற்கு, பெரும்பாலும் பெயர் பதியப்படாத உழைப்பாளரின் கைவேலையே சான்று. முன்னதை மட்டும் வரலாறெனக் கொள்ளும் வழக்கம், கார்களுக்கு மாத்திரமன்றி ஊவா மலைத்தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கும் என்ன செய்தது என்பதை மடுல்சீமையை மனத்திற்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் பொருளின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். எஞ்சினின் பக்கத்தில் பொருந்தும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய், அதிலிருந்து கீழிறங்கும் குழாய், சத்தத்தை அடக்கும் சைலன்சர், வாற்குழாய், இவற்றை வண்டியின் உடலோடு இணைக்கும் தொங்கிகள் ஆகியன சேர்ந்ததே புகைக்குழாய்த் தொகுதி. சைலன்சர்களில் இருவகை உண்டு. உட்தடுப்புகளாலும் அறைகளாலும் ஒலியலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவது ஒருவகை. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் போன்றவற்றை அடைத்து ஒலியை உறிஞ்சச் செய்வது மற்றொருவகை.

வண்டியின் உறுப்புகளுள் விரைவில் அழிவனவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிப்படுகிறது. எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தப்படுமாயின் அந்நீர் குழாயினுள்ளே தங்கி, எரிபொருளின் அமிலக் கழிவுகளோடு சேர்ந்து, சாதாரண உருக்குத் தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. ஈரமும் கல்லும் வெளியிலிருந்து தாக்குகின்றன. ஆகையால் நாளாந்தம் ஓடிய வண்டியொன்றின் முதற் சைலன்சர் சில ஆண்டுகளே நிலைக்கும். அறுபது ஆண்டு வயதான காரில் முதலிற் பூட்டிய குழாயே இன்றும் இருத்தல் அரிதினும் அரிது.

இது தமிழ் ஆய்வாளருக்குப் பழகிய நிலையே. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் 1880களில் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியபோது, நூலாசிரியர் கைப்பட எழுதிய ஏடு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. படியின் படிகளே கிடைத்தன. பாடபேதங்களை ஒப்புநோக்கி மூலத்தை உய்த்துணர்ந்தனர். புகைக்குழாய் ஆய்வாளரின் நிலையும் அதுவே. மூலம் துருவாகிப் போயிற்று. எஞ்சியவை மாற்றுக் குழாய்கள், உதிரிப்பாகப் பட்டியல்கள், அக்காலப் புகைப்படங்கள், வண்டியின் உடலிலுள்ள தடயங்கள் ஆகியனவே.

இவற்றுள் உடலிலுள்ள தடயமே வலிமை மிக்கது. குழாய் அழிந்தாலும் அது தொங்கிய இடத்துத் துளைகளும் பற்றிகளும் அடித்தகட்டில் எஞ்சும். பட்டியல்கள், இன்ன சட்டக இலக்கத்திலிருந்து இன்ன உறுப்பு மாறியது எனக் குறிப்பன. அவ்விலக்கத்தை வண்டியின் இலக்கத்தோடு ஒப்பிடலாம். உலோகத்தையும் சோதிக்கலாம். துருப்பிடியா உருக்கினாலான மாற்றுக் குழாய்கள் பிற்காலத்திற் பரவின. ஆயினும் காந்தம் ஒட்டவில்லையெனின் துருப்பிடியா உருக்கு, ஒட்டினாற் சாதாரண உருக்கு என்னும் பொதுவிதி முழுமையானதன்று. துருப்பிடியா உருக்கிலும் காந்தம் ஒட்டும் வகைகள் புகைக்குழாய்களுக்குப் பயன்படுகின்றன. எனவே ஒரு சான்றை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது.

3

இம்முறையை விளக்குதற்கு ஜகுவார் ஈ-டைப் காரை எடுத்துக்கொள்ளலாம். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான இக்கார், 1970களின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரிற் செய்யப்பட்டது. மொத்த எண்ணிக்கை 72,000க்கும் அதிகம். பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று.

முதல் வரிசைக் கார்களில், மினுங்கும் எனாமல் பூசப்பட்ட வார்ப்பிரும்புக் கிளைக்குழாய்களிலிருந்து புறப்படும் இரு குழாய்கள், பின்புற நடுவில் அருகருகே நெருங்கி முடிந்தன. 1968இல் வந்த இரண்டாம் வரிசையில் அவ்விரு வாற்குழாய்களும் விலகி நின்றன. அகன்ற சதுர இலக்கத்தகட்டுக்கு இடம் விடவேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். 1971இல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த மூன்றாம் வரிசையின் தொடக்கக் கார்களில் குழாய் விசிறிபோல் நான்கு வாய்களாக விரிந்தது. பிற்பட்ட கார்களில் அது இரண்டாகக் குறைந்தது. ஆகவே நெருங்கிய இரு வாய்கள் கொண்ட இரண்டாம் வரிசைக் காரொன்றைக் காண்பவர், யாரோ இடையிற் கைவைத்துள்ளனர் என உடனே அறியலாம்.

இம்மாற்றங்களை வடிவமைப்பாளரின் சுவை வேறுபாடாகக் கொள்வோர் உளர். காரணங்களை நோக்குமிடத்து நிலைமை வேறாகத் தோன்றும். 1968 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாடும் பாதுகாப்பு விதிகளும் அச்சந்தைக்குச் செல்லும் கார்களை மாற்றியமைத்தன. அங்கு சென்ற ஈ-டைப்புகளில் மூன்று எஸ்.யூ. காபரேட்டர்களுக்குப் பதிலாக இரண்டு ஸ்ட்ரொம்பேர்க் காபரேட்டர்கள் இடம்பெற்றன. பின்விளக்குகள் காப்புச்சட்டத்தின் கீழே இறங்கின. டொலர் ஈட்டவேண்டிய பிரித்தானியப் பொருளாதாரத்தின் தேவை ஒருபுறமும், வாங்கும் நாட்டின் சட்டம் மறுபுறமும் நின்று குழாயின் வளைவைத் தீர்மானித்தன. பாடபேதம் என்பது எழுத்துப்பிழை மாத்திரமன்று, அதன்பின் ஒரு சமூகத் தேவையும் இருக்கலாம் எனச் சுவடியாய்வில் நாம் கூறுவது இங்கும் பொருந்துகின்றது.

4

இனிச் சான்றிதழ் பற்றி நோக்குவோம். தொழிற்சாலைப் பேரேடுகளை ஆதாரமாகக் கொண்டு, பழைய பிரித்தானியக் கார்களுக்கு மரபுச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் இங்கிலாந்தில் உள்ளன. எம்.ஜி. போன்ற கார்களுக்குக் கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் அதனை வழங்குகிறது. சட்டக இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், செய்த நாள், அனுப்பப்பட்ட இடம் முதலியன அதிற் காணப்படும். இலக்கங்கள் பொருந்துமாயின் காரின் விலை உயரும்.

ஆனால் இச்சான்றிதழ் பேசுவது விற்பனைக்கு ஆயத்தமான பண்டத்தைப் பற்றியேயாகும். அதனைப் பூட்டிய தொழிலாளியின் பெயர் அங்கில்லை. எம்.ஜி. கார்கள் செய்யப்பட்ட அபிங்டன் தொழிற்சாலை 1980 ஒக்டோபரில் மூடப்பட்டு, அங்கு வேலைசெய்தோர் வேலையிழந்த செய்தியும் அங்கில்லை. கார் கைமாறியபின் அதனை ஓட்டியவர், பழுதுபார்த்தவர், ஒட்டுப்போட்டவர் எவரும் அங்கில்லை.

சேகரிப்போரிடையேயும் இக்குறை உணரப்பட்டுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1966இல் நிறுவப்பட்ட பழைய வண்டிகளின் சர்வதேசச் சம்மேளனம், 2012இல் தூரின் சாசனம் எனப்படும் கொள்கை விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புத் தொடர்பாக 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தைத் தழுவியது அது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலப்பகுதிகளும் விட்டுச்சென்ற தக்க பங்களிப்புகளை மதித்தல் வேண்டும் என்பது வெனிஸ் சாசனத்தின் நிலைப்பாடு. பயன்பாட்டுக் காலத்தில் வண்டி பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றின் சாட்சியம் என்னும் எண்ணத்தைத் தூரின் சாசனம் வலியுறுத்திற்று. எனினும் ஏல மண்டபத்தின் நியாயம் வேறு. புதிதுபோல் மினுங்கும் கார் அங்கு பெரும்பாலும் முன்னிற்கும். ஒட்டுப்போட்ட சைலன்சர் குப்பைக்குச் செல்லும்.

5

அந்தக் குப்பையில் இலங்கைக்கு எவ்வளவு பங்குண்டு என்பதை இனி நோக்கலாம். மலைநாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் தோட்டத்துரைமாரின் வர்க்க அடையாளமாக விளங்கிற்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டப்போட்டி 1934இல் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே வளைந்தேறும் தோட்டப் பாதையே அதன் களம். போட்டிக்குச் செல்வோர் வேகம் கருதிக் குழாய்களை மாற்றுவது வழக்கம். ஆதலால் பந்தயத்துக்குட்பட்ட காரின் அசற்குழாய், துரு அரிப்பதற்கு முன்னரே கழற்றப்பட்டிருக்கவும் கூடும். கார் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பாதையை வெட்டியவரும் அதன் இருமருங்கிலும் கொழுந்து பறித்தவரும் லயங்களில் வாழ்ந்தனர்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை உதிரிப்பாகங்களுக்கும் தட்டுப்பாடு நிலவிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமாரின் வண்டிகளும் கைமாறின. இக்காலப்பகுதியிற் பழைய பிரித்தானியக் கார்களை ஓடவைத்தவர்கள் சிறு கராஜ்களில் இருந்த பாஸ்மாரும் அவர்களின் கையுதவிப் பையன்களுமேயாவர். 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின், மொரிஸ் மைனரில் 1952 முதல் பூட்டப்பட்ட எஞ்சினின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஏழையின் காரைப் பழுதுபார்க்கக் கற்றவர் துரையின் காரையும் பழுதுபார்க்க முடிந்தது.

இவ்வாறு இடப்பட்ட ஒட்டுகளையும் பாடபேதங்களைப் போலவே வாசிக்கலாம். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்த குழாய்க்கும் இயந்திரத்தில் வளைத்த குழாய்க்கும் வளைவின் உட்புறத்தில் வேறுபாடு தெரியும். லொறிச் சைலன்சரை வெட்டிப் பொருத்தியிருப்பின் அதன் விட்டமே காட்டிக்கொடுக்கும். பீப்பாத் தகட்டைச் சுருட்டிச் செய்த உருளையில் நெடுக ஓடும் ஒட்டுவரி இருக்கும். தொங்கி சில அங்குலம் உயர்த்தப்பட்டிருப்பின், கற்பாதையில் அடிபடாதிருக்கச் செய்யப்பட்டதென ஊகிக்கலாம். தொழிற்சாலைப் பட்டியலில் இல்லாத இவ்வுயரம், வண்டி எத்தகைய பாதையில் ஓடியது என்பதற்குச் சான்றாகிறது.

இவ்வரலாற்றின் முரணொன்றையும் குறிப்பிடல் தகும். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைப் பேணிவந்த நிறுவனமொன்று, அவற்றுக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிற் செய்வித்துத் தருவித்தது. மூலநாடு கைவிட்ட உற்பத்தியைப் பழைய குடியேற்றநாட்டின் மலிந்த உழைப்பு தொடர்ந்தது. அப்பாகம் பூட்டிய ஆங்கிலேயரின் காரில் அசல் எது, மாற்று எது என்று வகுப்போர், அந்த இரும்பை அடித்த கையின் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.

6

மடுல்சீமை உலக வேளாண்மை வரலாற்றிற் பெயர்பெற்றதும் ஒரு துருவினாலேயே. கோப்பிச்செடியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கண்டறியப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் கோப்பிப் பொருளாதாரம் வீழ்ந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. நோயின் பெயர், அதனை விவரித்த தாவரவியலாளர் பெயர், நட்டப்பட்ட முதலாளிகளின் பெயர் எல்லாம் ஏடுகளில் உள்ளன. அத்தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர் எண்ணிக்கைகளாகவே அவ்வேடுகளிற் புலப்படுகின்றனர்.

தோட்டத் தொழிலாளி பற்றிய ஆவணம் எதற்காக எழுதப்பட்டது என்று நோக்கின் இதன் காரணம் விளங்கும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்வோர் கையில் இருந்த துண்டு, அவர்கள் பட்ட கடனைக் குறித்தது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. நம் வழக்கில் அசல் என்னும் சொல் வட்டிக்கு முந்திய கடன்தொகையையும் குறிப்பது. துண்டில் எழுதப்பட்ட அசல் அதுவே. செக்றோல், நாட்கூலியைக் கணக்கிட எழுதப்பட்டது. இரண்டும் உடைமையாளரின் தேவைக்கான பதிவுகளாதலின், தொழிலாளி எங்கு பிறந்தார், யாருக்கு மகன் என்பன அவற்றுக்கு முக்கியமாகத் தோன்றவில்லை.

ஆயினும் அரசு பின்னர் கேட்டது அதனைத்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வம்சாவழிக் குடியுரிமை கோருவோரின் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத லயங்களில் வாழ்ந்தோர் அச்சான்றுக்கு எங்கு செல்வர்? 1949இன் சட்டம் இடையறாத வதிவுக்குச் சான்று கேட்டது. ஊருக்குப் போய்வந்ததே பலரின் விண்ணப்பத்துக்கு எதிராயிற்று. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோராக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

அபிங்டனில் செய்த கார் ஒன்று எந்த நாளில் தொழிற்சாலையை விட்டது என்பதை இன்றும் கட்டணம் செலுத்தி அறியலாம். அக்கார் ஏறிய பாதையை வெட்டியவரின் பேரனால் தன் பாட்டன் பிறந்த இடத்தை நிறுவ முடியவில்லை. இவ்வேறுபாட்டை விதி என்றோ தற்செயல் என்றோ கொள்ளல் இயலாது. உடைமை எங்கிருந்ததோ அங்கே பேரேடும் இருந்தது. ஆதலால், தோற்றத்தைக் காட்டும் ஏட்டை மட்டும் அசல் எனக் கொள்ளும் அளவுகோல், பயன்படுத்துவோரின் நோக்கம் எவ்வளவு தூயதாயினும், உடைமையாளரின் அளவுகோலாகவே முடிகின்றது. ஓரிடத்தில் மூன்று தலைமுறை உழைத்தமையே அவ்விடத்துக்குரியர் என்பதற்குச் சான்றாகாதா என்ற மலையக மக்களின் வினா, ஒட்டு வரலாறாகாதா என்னும் வினாவோடு இங்கு சந்திக்கின்றது.

7

ஒட்டைப் போற்றிப்பாடும் மனப்பாங்கும் ஆபத்தானதே. அது வறுமையிலும் தட்டுப்பாட்டிலும் பிறந்தது. ஒழுகும் சைலன்சரிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டு வண்டிக்குள் இருப்போரைக் கொல்லவல்லது. முகக்கவசமின்றி வெல்டிங் செய்தவர் கண்ணை இழந்தால் ஈடுசெய்வார் இல்லை. எனவே பழைய ஒட்டோடுதான் கார் ஓடவேண்டும் என்பது நமது வாதமன்று. ஓடும் காருக்கு நல்ல குழாய் பூட்டட்டும். ஈ-டைப்பின் வாய்கள் நான்கா, இரண்டா என்னும் ஆராய்ச்சியும் நடைபெறட்டும். அது செம்மையான ஆராய்ச்சியே. கழற்றும் ஒட்டு சான்றுப்பொருள் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

நமது நாட்டின் இரு அருங்காட்சியகங்கள் இதற்கு எடுத்துக்காட்டாகின்றன. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் பழைய ஆலை இயந்திரங்களைச் சிறப்புறப் பேணுகின்றது. கம்பளைப் பகுதியின் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் லயத்து அறையையும் தொழிலாளரின் புழங்குபொருள்களையும் பேணுகின்றது. இயந்திரம் ஓரிடத்திலும் அதனை இயக்கியவர் வேறோரிடத்திலுமாக வரலாறு பிரிந்து கிடக்கின்றது. ஒட்டுப்போட்ட சைலன்சர் போன்ற பொருளிலோ இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி சேர்ந்துள்ளன.

ஆகவே செய்யத்தக்கது கடினமானதொன்றன்று. பதுளை, பசறை, பண்டாரவளை, மடுல்சீமை ஆகிய இடங்களில் பழைய கராஜ்களில் வேலைசெய்த முதியோர் உளர். தோட்டத்து இஸ்டோரில் எஞ்சின் பார்த்தவர்களும் துரையின் கார் ஓட்டிய டைவர்மாரும் உளர். எந்த ஆண்டில், எவ்வண்டிக்கு, என்ன தகடு கொண்டு, என்ன கூலிக்கு வேலை செய்தனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தல் வேண்டும். கழற்றிய உறுப்புகளை அளந்து, படமெடுத்து, செய்தவர் இசைந்தால் அவர் பெயரையும் எழுதிவைத்தல் வேண்டும். ஊவாவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் ஒவ்வொரு விடுமுறையிலும் இரண்டு மூன்று பேரைக் கண்டு பேசினாலே சில ஆண்டுகளில் ஒரு தொகுதி சேர்ந்துவிடும். அவர்களுட் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள். இரும்புக்கு விலை ஏறும்போதெல்லாம் பழைய குழாய்கள் நிறுத்து விற்கப்படுகின்றன. இப்பணிக்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது.